ஒன்பதாம் நாள் நிறுத்திய குளிசை

கேள்வி: டொக்டர் அக்கா, ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 36, இரண்டு பிள்ளைகள். போன வருடம் அம்மா மோசம் போனதிலிருந்து நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை, அடுப்படியில் நின்றபடியே அழுவேன். மனநல கிளினிக்கில் செர்ட்ரலின் 50 மில்லிகிராம் தந்தார்கள். போட்ட இரண்டாம் நாளே வயிற்றைப் பிரட்டியது. வயிற்றோட்டம், கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. இருந்த கொஞ்ச நித்திரையும் போய்விட்டது. ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டேன், இன்றைக்கு ஐந்து நாளாகிறது. பக்கத்து வீட்டு மாமி, ‘அது விசர்க் குளிசை, தொடங்கினால் பிறகு விடேலாது’ என்கிறா. என் உடம்புக்கு இது ஒத்துவரவில்லையா? மிச்சக் குளிசையை எறியவா, திரும்பப் போடவா?

பதில்: அன்புள்ள தங்கச்சி, எறிய வேண்டாம். உங்கள் பாட்டில் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். கிளினிக் கொப்பியில் போட்டிருக்கிற திகதி வரும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமைக்குள்ளேயே போய் டொக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். ஒன்பது நாள் போட்டுவிட்டு நிறுத்தியதால் உங்களுக்குக் கெடுதல் எதுவும் வந்துவிடவில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

நீங்கள் எழுதியவை எல்லாம் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள். அவை உங்கள் கற்பனை இல்லை. செர்ட்ரலின், புளுஒக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் செரட்டோனின் என்ற இரசாயனத்தில் வேலை செய்கின்றன. அந்தச் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்களவு இருப்பது மூளையில் அல்ல, குடலில். மனதுக்குப் போட்ட குளிசை முதலில் வயிற்றைப் பிரட்டுவது அதனால்தான். நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் தலையிடியும் அதே கூட்டம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் இவை அடங்கிவிடும். மனம் தெளியத் தொடங்குவதோ இரண்டு முதல் நான்கு கிழமையில், சிலருக்கு ஆறு கிழமை கூடச் செல்லும். கெடுதல் முந்தி வருகிறது, நன்மை பிந்தி வருகிறது. இந்த மருந்தின் பெரிய தொல்லையே இதுதான். இந்த ஒரு விஷயத்தை மருந்து எழுதும்போதே சொல்லியிருந்தால் நீங்கள் ஒன்பதாம் நாளில் விட்டிருக்க மாட்டீர்கள். நெரிசலான கிளினிக்கில் அதைச் சொல்ல நேரமில்லாமல் போகிறது. அது உங்கள் பிழை இல்லை.

டொக்டர் அநேகமாக அரைக் குளிசையில், அதாவது 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டல் குறையும். நித்திரை கெட்டவர்கள் காலையில் போடுவது நல்லது. சிலருக்கு இதே மருந்து தூக்கத்தைக் கொடுக்கும், அவர்கள் இரவில் போடலாம். மூன்று நான்கு கிழமை போன பிறகும் ஒத்துவரவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறது. ஒருவருக்குச் சரிவராதது இன்னொருவருக்குச் சரிவரும், முதல் குளிசையோடு கதை முடிந்துவிடாது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் நான் கிளினிக் செய்த காலத்தில் மாதா மாதம் வருவா. ஒவ்வொரு முறையும் நான் “எப்பிடி அம்மா?” என்பேன், அவ “பரவாயில்லை பிள்ளை” என்பா, நானும் அதே புளுஒக்செட்டினை மறுபடி எழுதிக் கொடுப்பேன். ஒரு நாள் மகள் ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. உள்ளே பிரிக்காத குளிசை உறைகள், ஆறு மாதத்துக்குரியவை, ஒழுங்காக அடுக்கியபடி. ஏன் அம்மா போடவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “போட்டால் அழுகை வருகுதில்லை பிள்ளை. பெடியனை நினைச்சு அழேலாமல் கிடக்கு.” மகன் 2009 இல் காணாமல் போனவன். அழாமல் இருந்தால் அவனை மறந்துவிட்டேன் என்றல்லவா ஆகும் என்று அந்தத் தாய் பயந்திருக்கிறா.

அழுகை வற்றிப்போவது, சந்தோஷமும் துக்கமும் ஒரே மாதிரி மரத்துப்போவது, இதுவும் இந்த மருந்துகளின் ஒரு பக்கவிளைவு. நான் ஒரு முறைகூட அதைக் கேட்டதில்லை. பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தோம். நித்திரையும் சாப்பாடும் வந்தன, மகனின் பிறந்தநாளில் அழவும் முடிந்தது. தங்கச்சி, அம்மாவை இழந்த உங்கள் துக்கத்தை இந்தக் குளிசை எடுத்துவிடாது, எடுக்கவும் கூடாது. அப்படி எடுத்துவிட்டது போல இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. தாம்பத்திய ஆசை குறைவது, உறவின் போது உச்சம் வரப் பிந்துவது அல்லது வராமலே போவது, இவை இந்த வகை மருந்தில் பலருக்கு வருபவை, ஆணுக்கும் பெண்ணுக்கும். வயிற்றுப் பிரட்டல் போல இது தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. கணவர் ‘என்னில் வெறுப்போ’ என்று நினைத்து வீட்டில் சண்டை வந்து, காரணம் சொல்லாமலே குளிசையை விட்டவர்கள் பலர். “அந்த விஷயத்தில் மாற்றம் இருக்கிறது” என்று ஒரு வசனம் போதும், டொக்டருக்கு விளங்கும். அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

மாமி சொன்னதற்கு வருகிறேன். இது விசர்க் குளிசை இல்லை. நித்திரைக் குளிசை போல இன்னும் இன்னும் வேண்டும் என்று மனம் அலையச் செய்வதும் இல்லை. ஆனால் அவ சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உதறல் எல்லாம் வரலாம். உடம்பு பழகிவிட்டது, அதனால் மெல்ல மெல்லக் குறைத்து விட வேண்டும். சிலருக்கு அந்தக் குறைப்புக்கே மாதக்கணக்கு எடுக்கும். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுகம் வந்த அன்றே விட்டால் வருத்தம் திரும்பி வரக்கூடும்.

அடுத்தது வலிக் குளிசை. வயல் வேலை, நாரி நோ என்று பார்மசியில் டைக்குளோபினாக்கோ ஐபுப்ரொபெனோ கேட்டு வாங்கிப் போடுவது நம் ஊர்களில் சாதாரணம். செர்ட்ரலினோடு இவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்புக் கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரி. சாதாரண நோவுக்குப் பனடோல் போடலாம். உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிற எத்தனையோ பேர் வன்னியில் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் வலிக்கு ட்ரமடோல் போடுகிறார்கள். அதுவும் செர்ட்ரலினும் சேர்ந்தால் காய்ச்சல், கடும் நடுக்கம், தசை இறுக்கம், மனக் குழப்பம் என்று உயிராபத்து வரை போகலாம். எந்த டொக்டரிடம் போனாலும், பல்லுக்கென்றாலும், கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. வீட்டில் வயதானவர்கள் அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வுக் குளிசை போடுகிறார்கள் என்றால் அதன் பக்கவிளைவுகள் வேறு: வாய் காய்தல், மலச்சிக்கல், சலம் போகக் கஷ்டம், படுக்கையிலிருந்து எழும்பும்போது கண் இருட்டுதல். இரவில் வெளிக்குப் போக எழும்புகிறவர்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பட்டும், லைற் போடாமல் நடக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அது இதயத்தைத் தாக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். செர்ட்ரலின் வகையில் வயதானவர்களுக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்து தடுமாற்றம் வருவதுண்டு. திடீரென்று மாறிக் கதைத்தால் வயது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இனி, கணவரைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். முதல் கிழமைகளிலும் அளவு மாறும்போதும் சிலருக்கு ஒரு இடத்தில் இருக்க முடியாத பதற்றம் வரும், அதோடு சாக வேண்டும் என்ற நினைவும் வரலாம். இது இளவயதினரிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004 இல் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும், 2007 இல் 24 வயது வரையானவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்துப் பெட்டியிலேயே சேர்க்க வைத்தது. உங்களுக்கு 36 என்றாலும் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். வயலுக்கு அடிக்க வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் வைக்கட்டும். அப்படி ஒரு நினைவு வந்தால் நேரத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். இதற்கு நேர்மாறாக, நித்திரையே தேவையில்லாத உசார், ஓயாத கதை, கண்டபடி செலவு என்று மாறினாலும் அன்றே டொக்டரிடம் காட்ட வேண்டும். அந்த நிலைக்கு வேறு மருந்து தேவைப்படும்.

போகிற அன்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள் தொடங்கினீர்கள், எந்த நேரம் போட்டீர்கள், என்ன வந்தது, எந்த நாள் விட்டீர்கள். அறைக்குள் போனதும் “பரவாயில்லை” என்ற சொல் தானாக வாயில் வரும், அப்போது அந்தத் தாளைப் பிரித்து நீட்டிவிடுங்கள். குளிசையை விட்டதற்கு ஏச்சு விழுமோ என்று மறைக்க வேண்டாம். மிச்சக் குளிசையையும் உறையோடு கொண்டுபோங்கள், புதிதாக எழுதுவதா, இதையே பாதியாகப் போடச் சொல்வதா என்று டொக்டர் பார்த்துச் சொல்லுவார்.