கையை எடுத்தால் விமானம் என்ன செய்யும்?

ரேடியோ விமானத்தைத் தானாகப் பறக்கவைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: நுரையில் செய்த டிரெய்னர் விமானம் வைத்திருக்கிறேன். ஓராண்டாக ரிமோட்டில் ஓட்டுகிறேன். அதை ட்ரோனாக மாற்ற முடியுமா? ட்ரோன் என்றால் நாலு விசிறி இருக்க வேண்டாமா?

ப: விசிறிக்கும் ட்ரோனுக்கும் சம்பந்தமில்லை. ஸ்டிக்கை யாரும் தொடாமல் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு பறந்தால் போதும். சொல்லப்போனால், இறக்கை வைத்த விமானம்தான் ஒரே பேட்டரியில் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். எடையைத் தூக்குகிற வேலையை இறக்கை பார்த்துக்கொள்கிறது. மோட்டார் முன்னால் இழுத்தால் போதும். நாலு விசிறிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓராண்டு கையால் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. இப்போது ரிசீவரிலிருந்து சர்வோவுக்கு (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) நேராக வயர் போகிறது அல்லவா? அதைக் கழற்றி நடுவில் ஆட்டோபைலட் போர்டை, அதாவது விமானத்தைத் தானே ஓட்டும் சின்னக் கணினியை, உட்காரவைக்கிறோம். சர்வோவுக்குப் போவது வெறும் மின்துடிப்பு. அதன் நீளம் 1,000 மைக்ரோ செகண்ட் என்றால் ஒரு கோடி, 2,000 என்றால் மறு கோடி, 1,500 என்றால் நடு. அனுப்பியது உங்கள் கட்டைவிரலா, போர்டா என்று சர்வோவுக்குத் தெரியாது.

போர்டுக்குள்ளேயே கைரோ (சுழலும் வேகத்தை அளப்பது), ஆக்சலரோமீட்டர் (முடுக்கத்தை அளப்பது), காற்றழுத்தமானி எல்லாம் இருக்கும். ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் பெரும்பாலும் ஒரே டப்பாவில் தனியாக வரும். மோட்டாருக்குப் போகும் தடித்த வயரிலிருந்து அதை முடிந்தவரை தள்ளி ஒட்டுங்கள். திராட்டிலை (மோட்டாரின் வேகத்தை) ஏற்றியதும் அந்த வயரைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் திசைகாட்டியைக் குழப்பிவிடும். மென்பொருளுக்கு ஆர்டுபைலட் இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லாவற்றையும் பொருத்தியபின் ஈர்ப்பு மையத்தை மறுபடி பாருங்கள். கூடுதல் எடையோடு முதலில் மேனுவலில், அதாவது போர்டு தலையிடாமல், இரண்டு பேட்டரி தீரும்வரை ஓட்டுங்கள். கையால் ஒழுங்காகப் பறக்காததை எந்த போர்டும் பறக்கவைக்காது. பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டினாலே பதிவு கேட்கிறார்கள். உங்கள் ஊர் விதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கே: மேனுவலில் அருமையாகப் பறந்தது. எஃப்பிடபிள்யூஏ மோடுக்கு (ஸ்டிக்கை விட்டால் போர்டே விமானத்தை நிமிர்த்தும் முறை) மாற்றிய மறுநொடி சுருண்டு விழுந்துவிட்டது. போர்டு கெட்டுப்போனதா?

ப: போர்டு பாவம், சொன்னதைச் செய்திருக்கும். எனக்கும் இதே கதைதான் நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அன்று நான் மேசையில் செய்த சோதனை ஒன்றே ஒன்று. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன், வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) மேலே எழும்பியது. சரி, எல்லாம் ஒழுங்கு என்று கிளம்பிவிட்டேன். மேலே போய் மோடை மாற்றியதும் இறக்கை லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்த வேண்டிய போர்டு இன்னும் சாய்த்தது. நான் பதறிப்போய் இடப்பக்கம் தள்ளத் தள்ள, மேலும் வலப்பக்கம் போனது. மேனுவலுக்குத் திரும்புகிற ஸ்விட்ச் என் விரலுக்குக் கீழேயே இருந்தது. அது ஞாபகம் வந்தபோது விமானத்தின் மூக்கு புல்லுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து நுரைத்துண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், டிரான்ஸ்மிட்டரில் (கையில் இருக்கும் ரிமோட்) எய்லரான் சேனலைத் தலைகீழாக்கியிருக்கிறேன். போர்டின் அமைப்பிலும் சர்வோவைத் தலைகீழாக்கியிருக்கிறேன். மேனுவலில் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பார்க்கச் சரியாகவே தெரியும். ஆனால் தானாக நிமிர்த்தும்போது டிரான்ஸ்மிட்டருக்கு அங்கே வேலையே இல்லை. மிஞ்சுவது போர்டில் உள்ள ஒரு தப்பு மட்டும். விழாமல் என்ன செய்யும்?

அதனால் இரண்டு சோதனையும் வேண்டும். முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஸ்டிக் சோதனை. அப்புறம் எஃப்பிடபிள்யூஏவில் போட்டு, ஸ்டிக்கைத் தொடாமல், விமானத்தையே கையில் தூக்கி வலப்பக்கம் சாயுங்கள். இப்போது வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும்; தாழ்ந்த இறக்கையைத் தூக்கத்தான் அது. மூக்கைக் கீழே கவிழ்த்தால் வாலில் உள்ள எலிவேட்டர் மடிப்பு மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் மேலே, விமானத்தை வலப்பக்கம் சாய்த்தால் கீழே. முதல்முறை பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும். முரணில்லை; ஸ்டிக் “சாய்” என்கிறது, போர்டு “நிமிர்” என்கிறது.

இரண்டாவது சோதனை தவறினால் போர்டில் அந்த சர்வோவின் திசையை மாற்றுங்கள். அதை மாற்றியதும் ஸ்டிக் தலைகீழாகிவிடும். அதற்கு டிரான்ஸ்மிட்டரில் மாற்றுங்கள். வரிசை முக்கியம். முதலில் போர்டு, பிறகு டிரான்ஸ்மிட்டர்.

கே: வேகத்தை ஜிபிஎஸ்ஸே காட்டுகிறதே, எதற்காக இறக்கையில் ஒரு குழாயைச் செருகச் சொல்கிறார்கள்?

ப: ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இறக்கைக்குத் தரையைப் பற்றி அக்கறையில்லை. தன்மேல் எத்தனை வேகத்தில் காற்று மோதுகிறது என்பதே அதற்குக் கணக்கு. உங்கள் விமானம் நொடிக்கு 9 மீட்டருக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் என்று வையுங்கள். பின்னாலிருந்து 8 மீட்டர் வேகத்தில் காற்று தள்ளுகிறது. ஜிபிஎஸ் 15 என்று காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். இறக்கைக்குக் கிடைப்பதோ 7 தான். அந்தக் குழாய்க்குப் பெயர் பிட்டோ குழாய். ப்ரொப்பெல்லர் காற்று படாத இடத்தில் வையுங்கள். புறப்படும் முன் வாயில் பூச்சி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், புகும்.

கே: ஆர்டிஎல் (புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு) ஸ்விட்சைப் போட்டால் வீட்டுக்கு வந்து இறங்கிவிடுமா? தரையிறங்குவதையும் தானாகச் செய்ய வைக்கலாமா?

ப: வரும், இறங்காது. ஆர்டுபைலட் விமானத்தில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், புறப்பட்ட இடத்துக்குமேல் 100 மீட்டர் உயரத்தில், 60 மீட்டர் ஆரத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி தீரும்வரை. திரும்பும் வழியில் 120 மீட்டர் குன்று இருந்தால் அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

தானாக இறக்கலாம். சிக்கல் கடைசி இரண்டு மீட்டரில். போர்டு உயரத்தைப் பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. தாழ்வான உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வித்தியாசம் ஏறக்குறைய 8 மீட்டருக்குச் சமம். நீங்கள் முக்கால் மணிநேரம் பறப்பதற்குள் வானிலை மாறி அழுத்தம் அரை ஹெக்டோபாஸ்கல் நகர்ந்தால், தரை இருக்க வேண்டிய இடத்தைப் போர்டு 4 மீட்டர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் தரைக்குள்ள தூரத்தை லேசரால் நேராக அளக்கும் சிறிய லிடாரை வயிற்றில் பொருத்துகிறார்கள்.

தானாகப் பறந்தும் கையால் இறக்கப்பட்ட ஒரு விமானத்தின் கதையைச் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் குழு செய்த டேம்-5 என்ற மாடல் விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துவரை அட்லாண்டிக்கைக் கடந்தது. பால்சா மரத்தில் செய்தது, எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கும் குறைவு. சுமார் 3,000 கிலோமீட்டர், 38 மணிநேரத்துக்கும் மேல். அதற்கு முன் அந்தக் குழு அனுப்பியவை கடலோடு போயின. ஹில்லுக்கு அப்போது கண் பார்வை அநேகமாக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்மேல் முழுவதும் ஜிபிஎஸ் ஆட்டோபைலட்தான் ஓட்டியது. கிளப்பியதும் இறக்கியதும் மட்டும் மனிதர்கள், ரேடியோவில்.

என்னுடைய விமானத்திலும் லிடார் இருக்கிறது, இரண்டு வருடமாக. இறக்குவது இன்னும் கையால்தான்.