நீச்சல் குளத்தின் பழுப்புக் கறை, தேய்த்த பிறகும் திரும்பி வருவது ஏன்?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் தரையிலும் படிகளிலும் தேநீர் நிறத்தில் கறை படிகிறது, ஆசிட் ஊற்றித் தேய்த்தால் போய்விட்டு இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்பின் குளத்தை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நீங்கள் இப்போது செய்வதையே நாங்களும் செய்து, பெரிய செலவுக்கு ஆளான பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் இரும்புக் கறை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு, கண்ணுக்குத் தெரியாத நிலையில்தான் குளத்துக்குள் வருகிறது. குளோரின் பட்டவுடன் அது துருவாக மாறி, சுண்ணாம்புத் தன்மை உள்ள சிமென்ட் பூச்சிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே சுவரைத் தேய்ப்பதால் மட்டும் இது தீராது; கறைக்கான பொருள் தண்ணீரிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளை வாளியில் உங்கள் போர் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மூடி திரவக் குளோரினை ஊற்றி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் பழுப்பேறினால் காரணம் உறுதியாகிவிடும். துல்லியமான அளவு வேண்டுமென்றால் குடிநீர் ஆய்வகம் ஒன்றில் மாதிரி கொடுங்கள்; லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் கறை படியும் என்று எதிர்பார்க்கலாம்.

இருந்தாலும், எந்த மருந்தையும் வாங்குவதற்கு முன்னால் கறையின் மேலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அஸ்கார்பிக் அமிலத் தூளை, அதாவது வைட்டமின் சி-யை, மெல்லிய துணியில் முடிந்து கறையின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். (சப்பிச் சாப்பிடும் மாத்திரைகளில் நிறமும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் வெறும் தூளே நல்லது.) அந்த இடம் வெளுத்தால் அது இரும்பு. வெளுக்காமல், அதே முறையில் குளோரின் தூளை வைத்தபோது மறைந்தால் அது இலை, பூ, காய்களின் சாயம். குளத்தோரம் வாதுமை மரமோ கொன்றை மரமோ இருக்கும் இடங்களில் இதுதான் மிகுதி, குளோரினைச் சற்றுக் கூட்டி வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும். நீலப்பச்சையாக இருந்தால், பாசிக்காக யாரோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த மருந்தைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வெள்ளையாக, சொரசொரப்பாக இருப்பது கால்சியப் படிவு. நீர்மட்டக் கோட்டில் வளையமாகப் பிசுபிசுப்பது தலையெண்ணெயும் வெயில் தடுப்புக் களிம்பும். அதற்கு ஈரப் பஞ்சும் சமையல் சோடாவும் போதும்.

இரும்புதான் என்று தெரிந்தால் குளத்தைக் காலி செய்ய வேண்டியதே இல்லை. முதலில் குளோரின் போடுவதை நிறுத்தி, அதன் அளவு ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். குளோரின் மிச்சமிருந்தால் நீங்கள் போடும் வைட்டமின் சி முழுவதும் அதோடு வினைபுரிந்தே வீணாகும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 அருகே கொண்டுவந்து, பம்பை ஓட விட்டு, அஸ்கார்பிக் அமிலத் தூளைக் கறை உள்ள இடங்களைப் பார்த்துத் தூவுங்கள். ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும் எங்கள் குளத்துக்கு ஏறக்குறைய 1.2 கிலோ தேவைப்பட்டது. பல ஆண்டுக் கறை அன்று மாலைக்குள் கரைந்ததைப் பார்த்தபோது எங்கள் காவலாளி குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆனால் கரைந்த இரும்பு எங்கும் போய்விடவில்லை, மறுபடி தண்ணீருக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் மருந்தை, மெட்டல் சீக்வெஸ்ட்ரன்ட் என்று கடையில் கேட்டு வாங்கி, அன்றே சேர்க்க வேண்டும்; அது நாளடைவில் சிதைந்துபோவதால் மாதந்தோறும் சிறிதளவு மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். பிறகு குளோரினையும் பிஎச்-ஐயும் சில நாட்களில் படிப்படியாக உயர்த்துங்கள். ஒரே நாளில் உயர்த்தினால் இரும்பு மறுபடி சுவரில் படியும். குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு வரும்வரை குழந்தைகள் உட்பட யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். குளோரின் இல்லாத நாட்களில் பாசி விரைந்து வளரும் என்பதால் கோடையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை.

இனி ஆசிட் பற்றி. எங்கள் ஒப்பந்ததாரர் சொன்னதைக் கேட்டு இரண்டு முறை குளத்தை வடித்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினோம். டைல்ஸ் பளிச்சென்று ஆயிற்று, ஆனால் இடுக்குச் சிமென்ட் அரித்துப்போய், சொரசொரப்பான அந்தப் பள்ளங்களில் அடுத்த கறை முன்பைவிட ஆழமாகப் பிடித்தது. வடித்த குளத்தை அதே போர் தண்ணீரால் நிரப்பினோம் என்பதுதான் பெரிய தவறு; ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரோடு புது இரும்பையும் நாங்களே உள்ளே விட்டோம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றுசேர்ந்தால் உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் ஒரே அறையில் வைக்கக்கூட அனுமதிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குளத்தை முழுவதும் வடிப்பதும் ஆபத்து, நிலத்தடி நீரின் அழுத்தம் காலிக் குளத்தின் தரையையே தூக்கிப் பிளந்துவிடும்.

தடுப்பதில் மிக முக்கியமானது தினசரி ஊற்றும் தண்ணீர். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 360 லிட்டர், மாதத்தில் ஏறக்குறைய 11,000 லிட்டர். ஆவியாவது வெறும் தண்ணீர். இரும்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவு இரும்பு உள்ள நீர்கூட ஓராண்டில் கறை படிய வைக்கும். நாங்கள் ஈடுசெய்யும் நீரை இரும்பு நீக்கும் வடிகட்டி வழியாக மட்டுமே விடுகிறோம். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டிச் சேர்க்கிறோம். பிஎச் 7.2 முதல் 7.6 வரை இருக்குமாறு வாரம் இருமுறை பார்க்கிறோம். பிளீச்சிங் பவுடர் கால்சியத்தையும் பிஎச்-ஐயும் உயர்த்துவதால் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டோம். அதுவும் பிஎச்-ஐச் சற்று உயர்த்தும், ஆனால் கால்சியத்தைச் சேர்க்காது.

கடைசியாக ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கறை பரவலாக இல்லாமல், காசளவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றினால், அங்கே கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கலாம், அல்லது யாரோ இரும்புப் பஞ்சால் தேய்த்து அதன் துகள் ஒட்டியிருக்கலாம். முதல் வகைக்கு எந்த மருந்தும் உதவாது, பூச்சைக் கொத்தியெடுத்துக் கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி பூச வேண்டும்.