பயமுறுத்தினால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடியின் கெடுதல் பற்றி எங்கள் பள்ளியில் படங்களோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். செய்முறையாக என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை

பதில்: கெட்டுப்போன கல்லீரல் படம் 14 வயதுப் பிள்ளைக்கு உறைக்காது. அது வயசானவங்க நோய் என்று ஒதுக்கிவிடும். கையால் அளக்கவும், வாய்விட்டு மறுத்துப் பழகவும் விடுங்கள். ஒரு குழுவுக்கு 25 பேர், மூன்று வகுப்புகள் போதும்.

முதல் வகுப்புக்கு ஆய்வகத்து அளவு ஜாடிகள், டீ டிகாக்‌ஷன், ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சு வேண்டும். குவார்ட்டர் என்பது 180 மி.லி.; 42.8 சதவீதம் என்றால் அதில் தூய ஆல்கஹால் 77 மி.லி. ஸ்ட்ராங் பீர் 650 மி.லி.; 8 சதவீதம் என்றால் 52 மி.லி. பிள்ளைகளே கணக்குப் போட்டு இரண்டு அளவுக்கும் ஆல்கஹாலுக்குப் பதிலாக டிகாக்‌ஷனை ஜாடிகளில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். ‘பீர் ஒண்ணும் பண்ணாது’ என்ற பேச்சு அங்கேயே அடங்கும். பெரியவர் உடம்பே மணிக்குச் சுமார் 13 மி.லி.தான் எரிக்கும். ஒரு மணிக்கு 13 மி.லி. வீதம் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்: குவார்ட்டர் தீர ஆறு மணி நேரம். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் இதைத் துரிதப்படுத்தாது.

இதோடு நிறுத்தினால், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனால் தெரியாது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன உடம்பில் அதே அளவு ரத்தத்தில் அதிகம் ஏறும் என்பதையும், யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்கிறது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். நிஜ பாட்டில், பிராண்டு பெயர் வேண்டாம், அது விளம்பரமாகிவிடும்.

இரண்டாம் வகுப்பில் பெயரில்லாத சீட்டு. ‘போன மாதம் குடித்தாயா?’, ‘வகுப்பில் பத்துப் பேரில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்?’ என்று இரண்டே கேள்வி. டிக்கும் எண்ணும் மட்டும் போடட்டும், கையெழுத்து காட்டிக்கொடுக்காது. பெரும்பாலும் ஊகம் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். ‘எல்லாரும் குடிக்கிறாங்க’ என்ற நினைப்பே பாதி அழுத்தம். ஆனால் முதலில் நீங்கள் தனியாக எண்ணிப் பாருங்கள். உண்மை எண் அதிகமாக இருந்தால் பலகையில் எழுதாதீர்கள்.

மூன்றாவது, மறுக்கும் பயிற்சி. ‘அண்ணன் கல்யாணம்டா, ஒரு மடக்குதான்’ என்று வற்புறுத்தும் வேடத்தை ஆசிரியர் போடட்டும்; மாணவனிடம் கொடுத்தால் வற்புறுத்தத்தான் பழகுவான். மறுப்பு நாலு சொல்லுக்குள் முடியணும்: ‘வேணாம்டா, நான் கிளம்புறேன்.’ காரணம் சொன்னால் அதற்குப் பதில் வரும், பேச்சு நீளும். சொன்னதும் எழுந்து வாசல்வரை நடக்கவும் வேண்டும்.

‘யார் வீட்டில் அப்பா குடிக்கிறார்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை அதன்பிறகு வாயே திறக்காது. தனியாக வந்து சொன்னால் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கொஞ்சம் ருசி காட்டிவிட்டால் மகனுக்கு ஆசை அடங்குமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: அடங்காது. வீட்டில் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வான். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம்.

கேள்வி: குடித்து மயங்கிய நண்பனை என்ன செய்வது?
– பிளஸ் ஒன் மாணவர், கரூர்

பதில்: மல்லாக்கப் போடாதே, வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் ஊற்றாதே. தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இரு, மூச்சைக் கவனி. திட்டு விழுமே என்று பயந்து அவனைத் தனியே விட்டுப் போகாதே.