‘காலனி’ என்று சொல்வது யார்?

வணக்கம் ஐயா,

என் சிறுகதையில் கடலூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கிழவர் ஒருவர் வருகிறார். ‘பேருந்து காலனியில் நிற்காமல் போனது’ என்று ஒரு வரி. படித்த சென்னை நண்பர் காலனி என்றதும் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொண்டார். ‘சேரி என்று மாற்று, எல்லாருக்கும் புரியும்’ என்கிறார். மாற்றலாமா, அடிக்குறிப்பு போடலாமா? கதை முடிவில் கிழவர் புதுச்சேரி வைட் டவுனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்கிறார்.

– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீர்கள். சேரி என்று போட்டால் அவர் கண்ணில் வருவது சினிமாவில் பார்த்த கூவக்கரைக் குடிசைகள்தான். உங்கள் கிராமம் வராது.

சேர்ந்து வாழும் இடம் சேரி. புதுச்சேரியின் பெயரிலேயே இருக்கிறது, சொல்லும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரியோடு கம்மாணச்சேரியும் வருகிறது. கைவினைஞரான கம்மாளர் இருந்த இடம் பின்னாளில் தெரு ஆயிற்று. ‘ஊர்’ என்ற பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள், சேரியை ஒரு பக்கத்து மக்கள் மேலேயே ஒட்டிவிட்டார்கள். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

காலனிக்கும் அதே கதி. நகரத்தில் அரசு ஊழியர் காலனி என்றால் மதிப்பு. உங்கள் ஊரில் அதுவே ஊருக்கு வெளியே தள்ளி வைத்த தெரு. சரித்திரப் புத்தகத்தில் புதுச்சேரியே பிரெஞ்சுக் காலனி. வசைச்சொல்லாக மாறிவிட்டது என்று 2025இல் தமிழக அரசு இந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. உங்கள் நண்பர் மேல் தப்பில்லை. அச்சில் எப்போதும் நகரத்துப் பொருள்தான் முந்திக்கொள்கிறது.

கோளாறு சொல்லில் இல்லை, அதைச் சொல்லும் வாயில் இருக்கிறது. இப்போது கதைசொல்லி சொல்கிறார். அதனால் அவர் ஊர்த்தெருவில் நின்று பேசுவதாக ஆகிறது. நடத்துநரிடம் கொடுங்கள்: ‘காலனில நிக்காது. ஊர்ல எறங்கி நடந்து போ.’ எழுபது வயதுக்காரரைப் பார்த்து அந்தப் ‘போ’. சென்னை நண்பருக்கும் அங்கே புரிந்துவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் மரியாதை கருதி அதைப் ‘போங்க’ என்று திருத்துவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த ஓர் எழுத்தில்தான் கதை நிற்கிறது. கிழவர் வீட்டுக்குள் பேசும்போது ‘நம்ம தெரு’ என்றே சொல்லட்டும்.

அடிக்குறிப்பு வேண்டாம். ‘ஆதிதிராவிடர் குடியிருப்பு’ என்று கீழே வந்தால் தாலுகா ஆபீஸ் குரல் கேட்கும். அதற்குப் பதில் தார் ரோடு எங்கே முடிகிறது, தண்ணீர் டேங்க் எந்தப் பக்கம், சுடுகாட்டுக்கு எந்த வழி, இவற்றில் ஒன்றைக் காட்டுங்கள். மூன்றையும் போட்டால் ஆய்வறிக்கை ஆகிவிடும். என்னைக் கேட்டால் ரோடுதான்: இறங்கி நடக்கிறவர் காலுக்குத் தெரியும் இடம் அது.

வைட் டவுனையும் பாருங்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்ததில் ஒரு பாதி அது. மறுபாதியை இன்று எந்த ஓட்டலும் பலகையில் எழுதுவதில்லை. இரண்டையும் பிரிப்பது பெரிய வாய்க்கால். உங்கள் கிழவர் ‘பெரிய வாய்க்காலைத் தாண்டி, பீச் பக்கம்’ என்றுதான் வீட்டில் சொல்வார். வேலை கொடுக்கும் முதலாளியும் சவாரி கேட்கும் ஆட்டோக்காரரும் வைட் டவுன் என்பார்கள். அவர்கள் பேச்சில் மட்டும் அது இருக்கட்டும்.