இறங்கித் தள்ளினால் என்ன?

கேள்வி: அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வயது 47. மகன் வேலைக்காக வெளியூர் போனதும், வீட்டில் சும்மா நின்ற அவனுடைய மவுண்டன் பைக்கை எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு ஏற்காட்டுக்குப் போகிறேன். எல்லோரும் என்னிடம் படித்த பிள்ளைகள் வயது. போன மாதம் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் சரிவில் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பின்னால் வருகிற பசங்க காத்திருப்பார்களே என்று ஓட்டிவிட்டேன். “இந்த வயசுல இது தேவையா?” என்கிறார் வீட்டுக்காரர். எனக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது. விட்டுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: விடாதீர்கள் டீச்சர். ஆனால் “பசங்க காத்திருப்பார்களே” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். இறங்கச் சொன்னது உங்கள் புத்தி. ஓட்டச் சொன்னது அடுத்தவர் பார்வை. முழங்கை மட்டும் உங்களுடையது.

மலைப்பாதையில் நன்றாக ஓட்டுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். புதுச் சரிவு வந்தால் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு நடந்து இறங்குவார்கள். எங்கே சில்வர் ஓக் வேர் குறுக்கே ஓடுகிறது, எங்கே சரளை குவிந்திருக்கிறது, எந்தப் பக்கம் தண்ணீர் அரித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேலே வந்துதான் ஓட்டுவார்கள். பிடிக்கவில்லையா, தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. தள்ளுவதும் இந்த வித்தையில் சேர்த்திதான்.

நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் விழுகிற விதத்தைச் சொல்கிறேன், பொருந்துகிறதா பாருங்கள். பாதையில் ஒரு கல் தெரியும். அதில் மோதக்கூடாது என்று அதையே பார்ப்போம்; கண் போகிற பக்கம் வண்டியும் போகும். பயத்தில் சீட்டில் கெட்டியாக உட்கார்ந்து முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிப்போம். சரளையில் முன்சக்கரம் வழுக்கும், இல்லையென்றால் ஆளைத் தூக்கிப் போடும். கல்லைத் தாண்டி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். இரண்டு பெடலும் சம உயரத்தில் இருக்கட்டும். சீட்டைவிட்டு எழுந்து, முட்டியும் முழங்கையும் மடங்கியிருக்க, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். வேகத்தைச் சரளைக்கு முன்பே குறைத்துவிடுங்கள். சரளைக்குள் போனபிறகு பிரேக் பிடித்தால்தான் வம்பு.

இனி அவமானம். இருபது வருஷத்துக்குக் குறையாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். அங்கே தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும், உங்களைத் தவிர. உறுத்தத்தான் செய்யும். பின்னம் புரியாமல் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிற பிள்ளையும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரோடும் சேர்ந்து “புரிஞ்சுது டீச்சர்” என்று சொல்கிறதே, ஏன்? மற்றவர்கள் காத்திருப்பார்களே என்றுதான். நீங்கள் அந்தச் சரிவில் செய்ததும் அதுதான். இது வகுப்புக்கு உதவும். எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

அந்தப் பசங்களிடம் ஒருநாள் “இங்கே எப்படி இறங்கினே, இன்னொரு தடவை காட்டுப்பா” என்று கேளுங்கள். டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கக் கசக்குமா அவர்களுக்கு? வரிசையில் கடைசி ஆளாகப் போவதும் நல்லது. பின்னால் யாரும் இல்லாவிட்டால் பாதி பயம் போய்விடும்.

வீட்டுக்காரர் கேட்டதில் தப்பில்லை, அவர் பயம் அவருக்கு. ஹெல்மெட், கையுறை, முழங்கை உறை வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழைவதில்லை என்றும், காட்டுமாடு நடமாடும் பாதையில் பொழுது சாய்ந்தபின் இருப்பதில்லை என்றும் சொல்லுங்கள்; சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அடிவாரத்துக்கு இறங்கும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அத்தனையிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் பிரேக்கும் சூடேறும், விரலும் மரத்துப்போகும். நடுநடுவே நிறுத்தி இறங்குங்கள். வார இறுதியில் கார் கூட்டம் வேறு; விடியற்காலையே ஏறிவிடுவது உத்தமம்.

ஒன்று கேட்க மறந்தேன். அது மகனுடைய சைக்கிள். அவர் உங்களைவிட உயரமாக இருந்தால் சீட்டும் ஹேண்டில்பாரும் அவர் அளவுக்குத்தான் இருக்கும். சீட்டை இறக்கிப் பாருங்கள். சரிவான மண்பாதைக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம். நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும்போது கம்பி இடித்தால் பிரேமே பெரிசு, உங்களுக்குச் சரிப்படாது. விற்றுவிட்டு உங்கள் அளவில் ஒன்று வாங்குங்கள். மகனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.