எண்டோமெட்ரியோசிஸ்: திசுவுக்குள் நடப்பது என்ன? (கேள்வி பதில்)

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சினைப்பை, வயிற்றறைச் சவ்வு, குடல் போன்ற இடங்களில் பற்றி வளரும் நோயே எண்டோமெட்ரியோசிஸ். அதன் உயிரணு இயக்கம் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முதுகலை மாணவி ஒருவர்: மாதவிடாய் இரத்தம் பின்னோக்கிச் செல்வதுதான் காரணமா?

1927-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன் அவ்வாறு விளக்கினார். உதிரும் திசுவில் ஒரு பங்கு கருக்குழாய்கள் வழியாக வயிற்றறைக்குள் விழுந்து ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ஆனால் கருக்குழாய் அடைபடாத பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு இரத்தம் இப்படிப் பின்னோக்கிச் செல்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்குத்தான். மற்றவர்களின் உடலில் மேக்ரோஃபேஜ்கள், இயற்கைக் கொல்லி அணுக்கள் ஆகிய நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் திசுவை அகற்றிவிடுகின்றன. நோயுள்ளவர்களிடம் கொல்லி அணுக்களின் தாக்கும் திறன் குறைந்திருக்கிறது. மேக்ரோஃபேஜ்களோ, அழிக்க வேண்டிய திசுவுக்குப் புது இரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதங்களைச் சுரந்து அதை வளர்த்தே விடுகின்றன.

ஆய்வக நுட்புநர் ஒருவர்: ஒட்டிய திசு எதை உண்டு வளர்கிறது?

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறது. அதில் ஒரு பங்கைத் தானே தயாரித்தும் கொள்கிறது. இந்த நோயின் மையம் இதுவே என்று நான் கருதுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இயல்பான உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஏறக்குறைய இருப்பதே இல்லை. இடம் மாறிய திசுவிலோ, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் உயிரணுவுக்குள் எஸ்எஃப்-1 என்ற புரதத்தின் வழியாக அரோமட்டேஸ் மரபணுவை இயக்கிவிடுகிறது. அதனால் விளையும் ஈஸ்ட்ரோஜன் காக்ஸ்-2 நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி மேலும் புரோஸ்டாகிளாண்டினைத் தருகிறது. இப்படி அழற்சியும் ஹார்மோனும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழற்சி உண்டாகிறது. இயல்பான திசுவில் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு பெண் ஹார்மோனின் ஏவலால், ஈஸ்ட்ரோஜனின் வீரியமிக்க வடிவமான எஸ்ட்ரடையோலை வீரியம் குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றும் நொதி ஒன்று சுரக்கும். இடம் மாறிய திசுவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), குறிப்பாக பி வகை, மிகவும் குறைந்திருப்பதால் அந்தத் தடையும் விலகிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனின் பீட்டா ஏற்பி மட்டும் பெருகிக் கிடக்கிறது. அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இருக்க வேண்டிய மெத்தில் பூட்டு (மரபணுவை அடக்கி வைக்கும் வேதிக்குறி) குறைந்திருப்பதே அதற்குக் காரணம்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்கோ எழுந்து நிற்க முடியாத வலி.

உங்கள் வலி உண்மையானது, சகோதரி. வயிற்றறைச் சவ்வில் சில மில்லிமீட்டர் அளவில், வெடிமருந்து பட்டுக் கருகியது போலத் தெரியும் புள்ளிகள் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா செலுத்திப் பார்ப்பதில்) கண்ணுக்குப் புலப்படும். ஸ்கேனில் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தச் சிறு புள்ளியைச் சுற்றி நரம்பு வளர்ச்சிக் காரணி சுரந்து, வலியுணர் நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்து நுழைகின்றன. புரோஸ்டாகிளாண்டின்கள் அவற்றை மேலும் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலைக்கூடப் பெருவலியாக உணரப் பழகிவிடுகின்றன. ஆகவே நோய் பரவிய அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேரான தொடர்பில்லை. ஸ்கேன் இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று எவரும் முடிவு கட்டக் கூடாது.

வாசகி ஒருவர்: என் சினைப்பையில் சாக்லேட் கட்டி. புற்றுநோய் ஆகுமா?

எண்டோமெட்ரியோசிஸ் சினைப்பையில் உண்டாக்கும் அந்தக் கட்டியைத் திறந்தால் உருகிய சாக்லேட் போன்ற பழுப்புத் திரவம் வழியும். வெளியேற வழியின்றித் தேங்கிய பழைய இரத்தம் அது. இந்த நோய் புற்றுநோய் அன்று. ஆழமாக ஊடுருவிய திசுக்களில் கேராஸ் போன்ற புற்றுநோய் மரபணுக்களின் திரிபுகள் இருப்பதை 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆனால் அந்தப் பெண்களுக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். இந்நோய் உள்ளவர்களுக்கு அது நூற்றில் இரண்டை நெருங்குகிறது.

அதே வாசகி: என் மகளுக்கும் வருமா?

இரட்டையரிடம் நடந்த ஆய்வுகளின்படி நோய்வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபு சார்ந்தது. வரும் என்று உறுதியில்லை. மகளுக்கு மாதவிடாய் வலி கடுமையாக இருந்தால் காலம் தாழ்த்தாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவிலியர் ஒருவர்: டையனோஜெஸ்ட் சிலருக்கு ஏன் பலன் தருவதில்லை?

மேலே சொன்ன ஏற்பிக் குறைவு அதற்கு முக்கியக் காரணம். புரோஜெஸ்டிரோனை ஒத்த இந்த மருந்து வந்து சேர்ந்தாலும், அதை ஏற்க அணுக்களில் போதிய ஏற்பி இல்லை. அத்தகையோரில் சிலருக்கு அரோமட்டேஸைத் தடுக்கும் லெட்ரோசோல் தரப்படுகிறது. மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தை இன்னும் எட்டாத பெண்களுக்கு அதைத் தனியாகக் கொடுத்தால் சினைப்பை தூண்டப்படும் என்பதால், சினைப்பையை அடக்கும் மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.