பழுதுபார்ப்பது கட்டுபடியாகாது, முழு நஷ்டம் என்று சொல்லிக் காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் குறைவான தொகை தருகிறார்கள், மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம். அது முதல் தொகைதான், அவசரப்பட்டு “முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

காருக்கு அவர்கள் விலை போட்ட மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள். என் அறிக்கையில் டாப் மாடலை அடிப்படை மாடல் என்று போட்டிருந்தார்கள், ஓடிய கிலோமீட்டரும் தப்பு! அப்புறம் அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்கள் உங்கள் பகுதியில் என்ன விலைக்கு விற்பனைக்கு இருக்கின்றன என்று தேடி, அந்த விளம்பரங்களைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சர்வீஸ் பில், புது டயர் வாங்கிய பில் எல்லாவற்றோடும் எழுத்துமூலம் அனுப்புங்கள். போனில் பேசியது நிற்காது.

பாலிசியிலேயே ஒத்துக்கொண்ட மதிப்பு, அதாவது காரின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஒரு தொகை எழுதியிருந்தால் சந்தை விலை வாதம் எடுபடாது, அதை முதலில் பார்த்துவிடுங்கள். இழுத்தடித்தால் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை வையுங்கள்.